வம்சாவளிச் சீட்டில் இதையும் எழுதுங்கள்!

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

"நாயைப் பற்றி ஒரு கட்டுரை வரைக" என்றால் நம்மில் எல்லோருக்கும் கை தானாக ஓடும். நாய் நன்றியுள்ள பிராணி. அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது வீட்டைக் காக்கும். மூன்றாம் வகுப்பிலிருந்து இதையே எழுதி மதிப்பெண் வாங்கி வந்திருக்கிறோம். நாய் நமக்குச் செய்வதைப் பற்றி இவ்வளவு எழுதிய நாம், நாய்க்கு மனிதன் செய்து வைத்திருக்கும் ஒன்றைப் பற்றி எழுதியதில்லை. ஆண்டு மலரில் எனக்குக் கிடைத்த இந்தச் சில பக்கங்களை அதற்கே செலவிட விரும்புகிறேன், தோழியரே!

முதலில் ஒரு நல்ல மருந்தின் கதையைச் சொல்ல வேண்டும். 1970-களில் ஜப்பானில் சதோஷி ஓமுரா என்னும் அறிஞர், ஊர் ஊராகச் சென்று மண்ணை அள்ளி வந்து, அதில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்தார். இட்டோ நகரை அடுத்த கவானாவில், ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணில் அதுவரை எவரும் அறியாத ஒரு நுண்ணுயிர் இருந்தது. அது சுரந்த பொருள் புழுக்களைக் கொல்வதை அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் பணிபுரிந்த வில்லியம் கேம்பெல் குழுவினர் கண்டனர். அதைச் சிறிது மாற்றி அமைத்துச் செய்ததே ஐவர்மெக்டின். 1981-இல் கால்நடைகளுக்காக விற்பனைக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் ஆற்றோர ஈக்கள் கடித்துப் பார்வையைப் பறிக்கும் கொடிய நோய்க்கும் இதுவே மருந்து என்று தெரிந்ததும், 1987 முதல் அதற்கு இலவசமாகவே வழங்கப்படுகிறது. யானைக்கால் நோயை ஒழிக்கும் பணியிலும் மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டு ஓமுராவுக்கும் கேம்பெலுக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒரு கைப்பிடி மண் எத்தனை கண்களைக் காத்திருக்கிறது, பாருங்கள்!

இவ்வளவு நல்ல மருந்து, நாய்களுள் ஓர் இனத்துக்கு மட்டும் நஞ்சாயிற்று. அவ்வினத்தின் பெயர் கோலி. (நாம் விளையாடும் கோலி அன்று; ஸ்காட்லாந்து நாட்டு மலைகளில் ஆட்டு மந்தையை மடக்கி ஓட்டிவரும் நாய்.) கூர்மையான முகம், நீண்ட அடர்ந்த ரோமம், கழுத்தைச் சுற்றி வெண்மை. லாஸி என்னும் படத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். 1943-இல் வந்த அப்படத்தில் பெண்நாய் லாஸியாக நடித்தது பால் என்ற ஆண் கோலி நாய் என்பது பலருக்குத் தெரியாத செய்தி!

ஐவர்மெக்டின் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே கால்நடை மருத்துவர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். பிற நாய்கள் எளிதில் தாங்கும் அளவைக் கொடுத்தால், கோலி நாய்கள் பலவற்றுக்குக் கால் தள்ளாடியது. வாயில் எச்சில் ஒழுகியது. கண்மணி விரிந்து பார்வை மங்கியது. உடல் நடுங்கி, பிறகு நினைவே தப்பியது. சில இறந்தன. பிழைத்தவையும் நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், கண் திறவாமல் கிடந்து எழுந்தன. இந்நஞ்சை முறிக்கத் தனி மருந்து எதுவும் இல்லை. உணவும் நீரும் மூச்சும் குறையாமல் பார்த்துக்கொண்டு, மருந்து தானே உடலைவிட்டு நீங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது பழமொழி. இங்கே அளவுக்கு மிஞ்சவே இல்லை. அமிர்தம் அளவோடு இருக்கும்போதே நஞ்சாகிவிட்டது.

காரணம் என்ன? ஐவர்மெக்டின் புழுவின் நரம்பையும் தசையையும் முடக்கிக் கொல்கிறது. பாலூட்டிகளின் மூளையிலும் இம்மருந்து வேலை செய்யக்கூடிய இடங்கள் உண்டு. ஆனால் மருந்து அங்கே போய்ச் சேர்வதில்லை. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களின் சுவரில் பி-கிளைக்கோபுரதம் என்னும் ஒரு புரதம், கோட்டை வாயிற்காவலனைப் போல நிற்கிறது. வேண்டாத பொருள் உள்ளே நுழைந்தால் பிடித்து மறுபடியும் இரத்தத்துக்கே தள்ளிவிடுகிறது. அந்தக் காவலனை உருவாக்கும் மரபணுவுக்கு எம்.டி.ஆர்.1 என்று பெயர்.

காவலன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எதிர்பாராமல் தெரியவந்தது. ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரப் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் ஆல்ஃப்ரெட் ஷிங்கெல் குழுவினர் இந்த மரபணு செயல்படாத எலிகளை வளர்த்தார்கள். எலிகளுக்குத் தோல் பூச்சி பிடிக்கவே, வழக்கம்போல் ஐவர்மெக்டின் தெளித்தார்கள். சாதாரண எலிகள் சுகமாக இருக்க, மரபணு இழந்த எலிகள் மட்டும் செத்து விழுந்தன. சோதித்துப் பார்த்தபோது அவற்றின் மூளையில் மற்ற எலிகளைவிட ஏறத்தாழ 90 மடங்கு மருந்து ஏறியிருந்தது. இது 1994-இல் வெளியான செய்தி. கோலி நாயின் உடலிலும் இதே குறையா? அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கத்ரீனா மீலி என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும் 2001-இல் விடை கண்டார்கள். நோயுற்ற கோலி நாய்களின் எம்.டி.ஆர்.1 மரபணுவில் நான்கே நான்கு எழுத்துகள் காணாமற் போயிருந்தன.

நான்கு எழுத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்பீர்கள். மரபணுவை உடல் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. "மரம் பழம் குடம் வயல் நகம்" என்று எழுதி, "மரம்" என்ற சொல்லுக்கு அடுத்த நான்கு எழுத்துகளை அழித்துவிட்டு, மீதியை மும்மூன்றாகப் படியுங்கள். "மரம் டம்வ யல்ந கம்" என்று வரும். முதல் சொல்லைத் தவிர எல்லாம் உளறல்! நாயின் உடலும் இப்படி உளறிக்கொண்டே சிறிது தூரம் படித்து, தவறான இடத்தில் முற்றுப்புள்ளியைக் கண்டு நின்றுவிடுகிறது. புரதத்தில் பத்தில் ஒரு பங்குகூட உருவாவதில்லை. வாயில் திறந்தே கிடக்கிறது.

இனி, இக்குறை எப்படிப் பரவுகிறது என்பதை நம் அறிவியல் பாடமே சொல்லும். துறவி மெண்டல் பட்டாணிச் செடிகளை வைத்துச் சொன்ன கணக்குதான். ஒவ்வொரு நாய்க்கும் இந்த மரபணுவின் இரு பிரதிகள் உண்டு. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. இரண்டும் குறையுள்ளவை ஆனால் நாய் பேராபத்தில் இருக்கிறது. ஒன்று மட்டும் குறையானால் பார்வைக்கும் பழக்கத்துக்கும் நல்ல நாய்தான். சில மருந்துகள் சற்று அதிகமானால் மட்டும் தொல்லை வரலாம். அப்படி ஒற்றைக் குறையுள்ள இரு நாய்கள் சேர்ந்தால், பிறக்கும் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்று இரட்டைக் குறையோடு பிறக்கும். அந்தக் குட்டியைப் பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஓடும், ஆடும், பரிசு வாங்கும். ஒரு நாள் மருந்து உள்ளே போகும்வரை அதன் குறை வெளியே வராது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதற்கு அடுத்த செய்தி. 2004-இல் வெளியான ஓர் ஆய்வு இக்குறையை ஒன்பது நாயினங்களில் கண்டது. எல்லாவற்றிலும் அதே நான்கு எழுத்துகள்; சுற்றியுள்ள மரபுக் குறிகளும் ஒத்திருந்தன. ஆகவே இவை யாவும் ஒரே ஒரு நாயின் வழிவந்தவை என்றும், அந்நாய் 1873-க்கு முன்னர் பிரிட்டனில் வாழ்ந்தது என்றும் ஆய்வாளர்கள் முடிவு கூறினார்கள். 1873 என்ற கணக்கு ஏன்? அவ்வாண்டில்தான் இலண்டனில் நாய் வளர்ப்போர் சங்கம் தோன்றியது. இனவாரியாகப் பதிவேடு எழுதத் தொடங்கி, பதிவேட்டில் உள்ள நாய்க்கும் நாய்க்கும் மட்டுமே இணை சேர்ப்பது வழக்கமாயிற்று. அதற்கு முன் ஆட்டிடையனின் நாய் எந்த நாயோடும் கலந்து வாழ்ந்தது. அதை மதிப்பிட்டவர் எவரும் காதின் மடிப்பையோ மூக்கின் நீளத்தையோ பார்க்கவில்லை, ஆடு மடங்குகிறதா என்றே பார்த்தார்கள். விக்டோரியா மகாராணி பால்மொரல் அரண்மனையில் கோலி நாய்களை வளர்த்ததும் பிரபுக்கள் வீட்டிலெல்லாம் கோலி மோகம் பரவியது. அழகான சில நாய்களே மீண்டும் மீண்டும் தந்தையாயின. அவற்றின் உடலில் ஒளிந்திருந்த குறையும் கூடவே பெருகியது. மெண்டல் தம் ஆராய்ச்சியை 1866-லேயே அச்சிட்டுவிட்டார். 1900 வரை அதை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே! ஒரு பக்கம் துறவியின் கட்டுரை தூசி படிந்து கிடக்க, மறுபக்கம் சீமான்கள் பதிவேட்டை மூடிப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்று அமெரிக்காவில் கோலி நாய்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 இக்குறையின் ஒரு பிரதியையாவது சுமக்கின்றன. ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு என்ற இனத்தில் பாதி. நம் ஊர்களில் அல்சேஷன் என்று அழைக்கும் ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில் பத்தில் ஒன்று என்று அந்நாட்டுக் கணக்கு சொல்கிறது. மந்தை வேலைக்கே பெரிதும் வளர்க்கப்படும் பார்டர் கோலியில் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.

ஆகவே குற்றம் யாருடையது? மருந்து செய்தவர் மீது எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. நாயோ தன் பாட்டன் யார் என்று சொல்ல அறியாதது. நமக்கு உடம்பு சரியில்லை என்றால், "அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா? இந்த ஊசி ஒத்துக்கொள்ளுமா?" என்று மருத்துவர் கேட்கிறார், நாமோ அம்மாவோ பதில் சொல்கிறோம். நாயின் சார்பில் பதில் சொல்ல வேண்டியவர் அதன் வம்சாவளிச் சீட்டை எழுதி வைத்திருப்பவர்தான். அந்தச் சீட்டில் என்னவெல்லாம் எழுதுகிறார்கள்! தந்தையின் பெயர், தாத்தாவின் பெயர், வாங்கிய பட்டங்கள், ரோமத்தின் நிறம். ஆனால் உயிரைக் காக்கும் இந்த ஒரு விவரத்தை எழுதிக் கொடுப்பது விற்பவரின் விருப்பமாகவே இருக்கிறது. அது கட்டாயமாக வேண்டும் என்பது என் கருத்து. அழகுக்காக நூறாண்டுக்கு மேல் கணக்கு வைத்தவர்களுக்கு இது ஒரு பாரமா?

சோதனையும் கடினமானதன்று. நாயின் கன்னத்தின் உட்புறத்தை ஒரு சிறு தூரிகையால் தடவி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் போதும். ஊசிகூட வேண்டாம். மரபணு மாறுவதில்லை ஆதலால் வாழ்நாளில் ஒரே முறை செய்தால் தீர்ந்தது.

இதற்கு மூன்று விதமான மறுப்புகளைக் கேட்டேன். முதலாவது, "சோதனை எதற்கு? காலைப் பார்த்தால் போதாதா?" என்பது. ஆங்கிலம் பேசும் நாடுகளின் கால்நடைக் கல்லூரிகளில், வெள்ளைக் கால் நாய்க்கு இம்மருந்து வேண்டாம் என்று எதுகையோடு ஒரு வாசகம் சொல்லிக்கொடுப்பார்களாம். கோலி இனத்துக்குக் கால் வெள்ளையாக இருப்பதால் வந்த வாசகம் அது. எளிதாக மனத்தில் நிற்கிறது. ஆனால் உண்மைக்கு வெகு தூரம். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வெள்ளைக் கால் ஏது? குறையுள்ள அல்சேஷனை இந்த வாசகம் காப்பாற்றாது. குறையே இல்லாத கோலிக்கோ வேண்டிய மருந்து கிடைக்காமல் போகும். தோலின் நிறத்தைப் பார்த்து உள்ளே இருப்பதை முடிவு செய்வது நாய்க்கும் பொருந்தாது.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையில் இருந்து வருகிறது. "குறையுள்ள நாய் ஒன்றுகூடக் குட்டி போடக்கூடாது, ஒரே தலைமுறையில் ஒழித்துவிடலாமே" என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் கஷ்டம் புரிகிறது. நூறு கோலிகளில் 70-ஐ விலக்கினால் மிஞ்சுவது 30. அந்த முப்பதுக்குள்ளேயே இணை சேர்த்துக்கொண்டு போனால், அவற்றிடம் ஒளிந்திருக்கும் வேறு குறைகள் தலையெடுக்கும். கோலி இனத்தில் பரம்பரையாக வரும் கண் குறைபாடு ஒன்று ஏற்கெனவே மிகுதி. ஒன்றை விரட்டப் போய் மற்றொன்றுக்கு வழிவிட்டதாகும். ஒற்றைக் குறையுள்ள நல்ல நாயைக் குறையற்ற நாயோடு சேர்த்தால் இரட்டைக் குறைக் குட்டி பிறக்கவே பிறக்காது. குட்டிகளைச் சோதித்து, குறையற்றவற்றை அடுத்த தலைமுறைக்குத் தெரிந்தெடுக்கலாம். சில தலைமுறைகள் ஆகும். பெருகவும் சில தலைமுறைகள் ஆயின அல்லவா?

மூன்றாவது மறுப்பைச் சொன்னவர் கால்நடை மருத்துவரான என் சித்தப்பா. "ஏம்மா, தடுப்பூசி போட்ட தேதியையே யாரும் ஞாபகம் வைத்துக்கொண்டு வருவதில்லை. இதில் மரபணுச் சீட்டை எங்கே கொண்டு வரப் போகிறார்கள்?" என்று சிரித்தார். இந்த மறுப்புக்குத்தான் எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் நாள்தோறும் காண்பதைச் சொல்கிறார். யோசித்த பிறகு, இதனால்தான் பொறுப்பு வாங்குபவர் தலையில் மட்டும் விழக்கூடாது என்று தோன்றியது. ஆயிரம் பேர் நினைவில் வைப்பதைவிட, விற்பவர் ஒருவர் ஒரு வரி எழுதுவது எளிது. இதைச் சொன்னபோது சித்தப்பா, "அப்படி எழுதித் தந்தால் எங்களுக்கும் நிம்மதிதான்" என்றார்.

மருந்தே கூடாது என்று அஞ்சுவதும் தவறு. கொசுக்கடியால் நாய்க்கு வரும் இதயப்புழு நோயைத் தடுக்க மாதம் ஒருமுறை தரும் ஐவர்மெக்டின், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான். (மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோகிராம்.) அதை இரட்டைக் குறையுள்ள கோலியும் தாங்கும். ஆனால் சொறிக்குக் கொடுப்பது கிலோவுக்கு 300 முதல் 600 வரை. குறையுள்ள நாய்க்கு 100-ஐத் தாண்டினாலே ஆபத்து. குறையற்ற பீகிள் நாய்களோ 2000 வரையிலும் தாங்கின. 25 கிலோ எடையுள்ள கோலிக்கு ஆபத்தின் எல்லை இரண்டரை மில்லிகிராம் என்றாகிறது. மாட்டுக்குப் போடும் ஒரு சதவீத ஊசிமருந்தில் அது கால் மில்லியில் அடங்கிவிடும்! அரை டன் குதிரைக்குத் தரும் ஒரு வேளை மருந்து 100 மில்லிகிராம். அதில் நாற்பதில் ஒரு பங்கு போதும் அந்த நாயைப் படுக்கையில் தள்ள. மருந்து கொடுத்த குதிரையின் சாணத்தைத் தின்றே கோலி நாய்கள் நோயுற்றதுண்டு. ஆகவே மாட்டு மருந்தையும் குதிரை மருந்தையும் கண் அளவாக நாய்க்குக் கொடுக்கும் பழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

ஐவர்மெக்டினோடு கதை முடியவில்லை. அந்த வாயிற்காவலன் தடுக்கும் மருந்துகள் பல. அறுவை சிகிச்சைக்கு முன் நாயை அமைதிப்படுத்தும் அசிப்ரோமசின், வலி தணிக்கும் புட்டோர்ஃபனால் ஆகியவற்றைக் குறையுள்ள நாய்க்கு அளவைக் குறைத்தே கொடுக்க வேண்டும். புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டினும் அப்படியே. (நம் வீட்டுத் தோட்டத்தில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பதுதான் அது.) எல்லாவற்றிலும் என்னை அச்சுறுத்துவது லோபெரமைடு. வயிற்றுப்போக்குக்கு நாம் விழுங்கும் சாதாரண மாத்திரை. அது அபின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் காவலன் தடுப்பதால் நம் மூளையை எட்டுவதில்லை. குறையுள்ள நாய்க்கு, "பாவம், வயிறு சரியில்லை" என்று அன்போடு ஒரு மாத்திரையைச் சோற்றில் வைத்தால், அது மயங்கிச் சாய்ந்துவிடும்.

"நாய்க்குத்தானே" என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. மனிதருக்கும் இதே மரபணு உண்டு. 2020-இல் பிரான்சு நாட்டுச் சிறுவன் ஒருவன் ஐவர்மெக்டினை ஒரே வேளை உட்கொண்டு நினைவிழந்த செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தது. அவனுடைய இரு பிரதிகளிலும் குறை இருந்தது. நல்ல வேளையாகத் தேறிவிட்டான். மனிதரில் இது மிக மிக அரிது. கோலியில் இது அரிதாக இல்லாமற் போனதற்கு நாம் போட்ட இணைகளே காரணம்.

அல்சேஷன் குட்டி வாங்கித் தரும்படி வீட்டில் கெஞ்சிக்கொண்டிருக்கும் தோழியர் என் வகுப்பிலேயே இருவர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். விற்பவர் பட்டங்களையும் கோப்பைகளையும் காட்டும்போது பொறுமையாகப் பாருங்கள். பிறகு, தாய்க்கும் தந்தைக்கும் எம்.டி.ஆர்.1 சோதனை செய்தீர்களா, விடை என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டும் குறையற்றவை என்றால் குட்டிக்குச் சோதனையே தேவையில்லை. சோதிக்கவில்லை என்றால், குட்டியைச் சோதித்து விடை வரும்வரை சொறிக்கோ குடற்புழுவுக்கோ மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள். "அதெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்று கேட்பவரிடம் குட்டி வாங்காமல் திரும்பி வாருங்கள்.